செம்பருத்தி பதிந்த தோல்: பதினோராவது வாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியவரிடம் சேண வேலை கற்கத் தொடங்கி இன்றோடு பதினொரு வாரம். ஈப்போ பந்தயக் குதிரைகளுக்கு வார் தைத்தும் சேணம் பழுதுபார்த்தும் வாழ்ந்தவர். அண்ணன் என்றுதான் அழைக்கிறேன்.

முதல் ஆறு வாரமும் தையல்தான். தேன்மெழுகு தடவிய ஒரே நூல், இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் புகுந்து வர வேண்டும். அங்குலத்துக்கு 8 தையல். இயந்திரத் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசை அவிழத் தொடங்கும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். குதிரை மேல் இருப்பவரின் உயிர் வயிற்று வாரில் இருக்கிறது என்பதால் அண்ணன் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தோலில் பூ வெட்டிப் பதிக்கும் வேலை ஏழாம் வாரம் தொடங்கியது. குரோம் உப்பில் பதனிட்ட தோலில் அச்சு நிற்காது. மரப்பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும். அதை நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் சேற்றில் கிழித்த கோடு போல வெட்டு மூடிக்கொள்கிறது. காய்ந்துவிட்டால் கத்தி இழுபடுகிறது. மேற்பரப்பு பழைய வெளிர் நிறத்துக்குத் திரும்பி, உள்ளே மட்டும் ஈரம் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. "கண்ணை நம்பாதே அம்மா, கன்னத்தில் வைத்துப் பார்" என்றார் அண்ணன். குளிர்ச்சி தெரிந்தால் வெட்டலாம். மழை பெய்த பிற்பகலில் நம் ஊர்க் காற்றில் அந்த நேரம் வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடுகிறது. ஈரம் சரியாக இருந்தால், வெட்டின் ஓரத்தில் அச்சு உளியை வைத்துக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் தட்டும்போது அமுங்கிய இடம் கருத்து நிற்கிறது, இதழ் எழுந்து வருகிறது. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆழமும் கைக்குப் பழக வேண்டும். 3.5 மில்லிமீட்டர் தோலில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கத்தி இறங்கலாம். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பட்டையில் பால் வரும் இடம் வரை போக வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது என்பார். அந்தக் கணக்கு எனக்கு உதவியது.

ஒன்பதாம் வாரம் ஒரு நல்ல துண்டைக் கெடுத்தேன். அம்மாவின் பழைய பால்வெட்டுக் கத்தியை ஈரத்தோல் மேல் வைத்துவிட்டு உறங்கிவிட்டேன். காலையில் மை கொட்டியது போன்ற கறை. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். எலுமிச்சைச் சாற்றால் துடைத்தார் அண்ணன். வெளுத்தது, முழுதும் போகவில்லை. ஈரத்தோல் மேல் இரும்பை வைக்கக் கூடாது என்று அன்றுதான் அறிந்தேன்.

இப்போது கையில் இருப்பது அங்கவடி வாரின், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தைத் தாங்கும் வாரின், மேல்பகுதி. வட்டமாகச் சுழலும் கொடி, நடுவே செம்பருத்தி. அமெரிக்காவின் ஷெரிடன் என்ற ஊரின் தோல் வேலைப் பாணியில் கொடி இப்படித்தான் சுழலும். பூவை நான் மாற்றிக்கொண்டேன். நான்கு இதழ்கள் முடிந்தன. ஐந்தாவதற்கு நேற்றிரவே தோலை நனைத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன்.