கண்ணகி சிலையிலிருந்து

டிசம்பர் 30, 2024, திங்கள்

டாக்டர் மனச்சோர்வு மாத்திரையைக் கூட்டவில்லை. அதே 10 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு. "இப்பதானம்மா மூணு வாரம் ஆகுது, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றார். சீட்டின் பின்பக்கம் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தார். ஒன்று 14416, மனநல உதவி எண், ராத்திரி முடியாமல் போனால் கூப்பிட. இன்னொன்று, வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்ய.

வாளியில் துணி ஊறிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை போட்டது.

ஜனவரி 1, புதன்

எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

ஓடினேன்.

ஐந்தே காலுக்கு நல்ல இருட்டு. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கதவைத் திறக்கும் சத்தத்தில் அம்மா எழுந்துவிட்டாள். "நடந்தா போதாதாடி? ஓடணுமா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு பாரதி சாலை வழியே கடற்கரைக்குப் போனேன். கண்ணகி சிலையில் தொடக்கம், கலங்கரை விளக்கம் பார்த்த திசை.

முதல் வாரத் திட்டம் இது: ஐந்து நிமிடம் வேக நடை, அப்புறம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை. மாற்றி மாற்றி 20 நிமிடம். எட்டு முறை ஓட வேண்டும். அப்பாவின் வாட்ச்சைக் கட்டியிருந்தேன். நாற்பது வினாடி வரை ஒன்றும் தெரியவில்லை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்தான் நெஞ்சு அடைத்தது, தொண்டையில் இரும்பு ருசி. 52, 53 என்று எண்கள் நகர்வதையே பார்த்துக்கொண்டு ஓடினேன். 60 வந்தது. நின்றேன்.

இந்த நாலு மாதத்தில் எப்போது முடியும் என்று முன்னாலேயே தெரிந்த கஷ்டம் இது ஒன்றுதான். மற்றது எதற்கும் வாட்ச் இல்லை. இன்னும் எட்டு வினாடி என்று யாராவது சொன்னால் எதையும் தாங்கிக்கொள்வேன்.

ஆறு முறை ஓடினேன். எட்டு முடியவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. படியில் பக்கவாட்டில் இறங்கினேன். ஏழு முறை.

ஜனவரி 7, செவ்வாய்

எட்டு.

மேடத்திடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. திறக்கவில்லை. பெயருக்குக் கீழே "நீங்க எப்போ" வரைக்கும்தான் தெரிகிறது. எப்போ வருவீங்க என்றுதான் இருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது. திறந்தால் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும், பதில் போட வேண்டும். என்ன போடுவது? விடுப்பு பிப்ரவரி 16 வரை. 17 திங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும். தெரிந்த தேதியைச் சொல்ல என்ன தயக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். மறுபடி கவிழ்த்தேன். மத்தியானம் முழுக்க இதுதான் வேலை.

துணியை மறந்தே போனேன். தண்ணீர் நாற்றமெடுத்துவிட்டது. அம்மாவே அலசிப் போட்டிருக்கிறாள், எழுபத்திரண்டு வயதில். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ராத்திரியே தெருவெல்லாம் வரிசை. ஓட வழியில்லை. அம்மா போய்விட்டு வந்து துளசியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கிண்டிக் கொடுத்தேன். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. ஆனால் மாத்திரை போட்டால் வரும் குமட்டல் நின்றிருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

காணும் பொங்கலுக்கு மறுநாள். மணல் முழுக்கப் பிளாஸ்டிக் தட்டும் கரும்புச் சக்கையும். தூய்மைப் பணியாளர்கள் எப்போது வந்தார்களோ, நான் போகும்போது பாதி மூட்டை கட்டியாகிவிட்டது. ஒரு அம்மா துடைப்பத்தை நிறுத்தி எனக்கு வழி விட்டார். "ஓடு கண்ணு, ஓடு." இரண்டாம் வாரம், ஒன்றரை நிமிட ஓட்டம். அந்தக் குரலிலேயே கடைசி இரண்டு சுற்றும் போய்விட்டது.

ஜனவரி 21, செவ்வாய்

மூன்று நிமிடம் நிற்காமல் ஓடினேன்! இரண்டு முறை!

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2024-இல் வந்த கட்டுரையைப் பற்றி ராத்திரி படித்தேன். 218 ஆய்வுகள், 14,170 பேர். நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைக்கிறதாம். மூன்று தடவை படித்தேன். நாளையிலிருந்து மாத்திரை வேண்டாம். கால் இருக்கிறது, கடல் இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

ஆமை.

முதலில் கவிழ்ந்த கூடை என்று நினைத்தேன். அலை வந்து தொட்டுப்போகும் இடத்தில், இரண்டடி நீளம். ஓட்டின் மேல் பச்சையாகப் பாசி. கண் வீங்கி வெளியே தள்ளியிருந்தது, கழுத்து உப்பியிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் பங்குனி ஆமை என்றார். முட்டை போடக் கரைக்கு வரும்போது இழுவை வலையில் மாட்டிவிடுகிறதாம். இந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கின்றன. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். வலைக்குள் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்?

ஓடவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அணிவகுப்புக்காகக் காமராஜர் சாலை அடைப்பு. அடைக்காவிட்டாலும் போயிருக்க மாட்டேன். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்தாற்போல ஒரு வெட்டு. கண்ணை அசைத்தாலும் வருகிறது. அம்மா "ரத்தம் கம்மியா இருக்கும்" என்று பேரீச்சம்பழம் கொடுத்தாள். மாத்திரையை நிறுத்தியதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஓட்டம் நல்லதும்மா, விடாதீங்க. ஆனா அது மருந்துக்குத் துணை. நிறுத்த வேண்டிய நேரம் வந்தா நானே சொல்வேன், கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும்." அந்தக் கட்டுரையைச் சொன்னேன். அவரும் படித்திருக்கிறார். தங்கள் சான்றுகள் அவ்வளவு உறுதியானவை இல்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருப்பதைக் காட்டினார். மருந்தை நிறுத்தலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. மூன்று தடவை படித்தும் வேண்டியது மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

ஜனவரி 31, வெள்ளி

இரவு 2:10. 14416. ஒரு பெண் குரல், சின்ன வயது. அவளிடம் ஆமையைப் பற்றிச் சொன்னேன். அவசரப்படுத்தாமல் கேட்டாள்.

பிப்ரவரி 1

படுக்கை.

பிப்ரவரி 2

படுக்கை. வாளியில் மறுபடி துணி.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாலாவது வாரத்தை முதலிலிருந்து தொடங்கினேன். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், மூன்று, ஐந்து. ஐந்து வரவில்லை, நாலில் நின்றேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது. இவ்வளவு நாள் வீட்டில் கிடந்த பழைய கேன்வாஸ் ஷூவில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் போய் நல்ல ஷூ வாங்கினேன். கடைக்குத் தனியாகப் போனேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

ஐந்து வந்தது. கடைசி ஐந்தில் சூரியன் பாதி வெளியே.

பிப்ரவரி 10, திங்கள்

சாப்பிடும்போது "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்றேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், ரொம்ப நேரம் மூடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

எட்டு நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை, மறுபடி எட்டு. முடிந்தது. ஆனால் அடுத்த ஓட்டத்துக்குத் திட்டத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: 20 நிமிடம் ஓட்டம், நடுவில் நடை இல்லை. எட்டிலிருந்து எப்படி ஒரே தாவலில் இருபதுக்குப் போவது? அறுபது வினாடிக்கு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே ஓடலாம், இருபது நிமிடத்துக்கு எதைப் பார்ப்பது? சனிக்கிழமை 20 நிமிடம், திங்கட்கிழமை 17-ஆம் தேதி வேலை. ரெண்டும் தலைக்குள் ஒன்றாகிவிட்டன. அங்கே நின்றுவிட்டால் இங்கேயும் நின்றுவிடுவேன் என்று நினைப்பு ஓடுகிறது. அப்படி ஒன்றுமில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் விடமாட்டேன் என்கிறது.

ஆமை கிடந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. புதைத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேடம் அனுப்பியதைத் திறந்தேன். "நீங்க எப்போவும் வைக்கிற இடத்துல டிராயர் சாவி இல்லையே, வேற எங்கயாவது வச்சீங்களா? உடம்பைப் பார்த்துக்கோங்க." ஐந்து வாரமாக இதற்கா.

காலண்டருக்குப் பின்னால் ஆணியில் என்று பதில் போட்டேன். பூட்டை உடைத்துவிட்டார்களோ என்னவோ.

பிப்ரவரி 15, சனி

13 நிமிடம் 20 வினாடி. நின்றுவிட்டேன். இரண்டு நிமிடம் நடந்தேன். மூச்சு வந்தது. மீதியை ஓடினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று துணியை நானே துவைத்தேன். மாடியில் நல்ல காற்று, பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும், அவர் ஏழு மணிக்கெல்லாம் வண்டியை மூடிவிடுவார்.