சதுப்பில் உயரம் உண்டாக்குதல்

மலைச்சரிவில் உயரே கம்பிவடம் கட்டி, வெட்டிய மரத்தை அதில் தொங்கவிட்டு எடுத்துப் பழகியவர்கள் சமதளச் சதுப்புக்கு வந்ததும் திணறுவார்கள். சரிவில் பள்ளம் தானாகவே கிடைக்கிறது. வடம் தொய்ந்தாலும் அதன் கீழே இடம் இருக்கும். சதுப்பில் அந்த வசதி கிடையாது. இங்கே பாதி வேலை உயரத்தை உண்டாக்குவதுதான்.

தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டிவிட்டால் என்ன என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். துணிக்கொடியை விறைப்பாகக் கட்டி நடுவில் ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருமே, அதேதான். 200 மீட்டர் இடைவெளியின் நடுவே 1 டன் சுமை தொங்குகிறது என்று வையுங்கள். 20 மீட்டர் தொய்வு இருந்தால் வடத்தில் ஏறும் இழுவிசை சுமார் 2.5 டன். தொய்வை 10 மீட்டராகக் குறைத்தால் 5 டன். வடத்தின் சொந்த எடையும் குலுக்கலும் இதற்கு மேல். அந்த 10 மீட்டருக்கே இரண்டு முனைகளும் அதைவிட உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் விஞ்ச், அதாவது வடத்தைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம், அதன் கோபுரம். மறுபக்கம் நல்ல மரமாகப் பார்த்து ஏறி, கப்பி மாட்டி, மரம் சாயாமல் பிடிக்க ஸ்டே கம்பி கட்ட வேண்டும். தூரம் கூடினால் நடுவிலும் ஒரு தாங்கி. சுமையைத் தொங்கவிட்டு வடத்தின் மேல் உருண்டு போகும் கேரேஜ், சமதளத்தில் தன் எடையில் உருண்டு திரும்பாது என்பதால், அதை இழுத்துப் போக இன்னொரு வடமும் வேண்டும்.

உயரத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பிடிமானம், அதாவது வடத்தையும் கம்பியையும் தரையோடு கட்டிவைக்கும் அடிக்கட்டை. தண்ணீர் தேங்கும் மண்ணில் காற்று குறைவு, அதனால் வேர்கள் பெரும்பாலும் மேலாகவே படர்கின்றன. பார்வைக்குப் பெரிய அடிக்கட்டை, சுமை ஏறியதும் மண்ணோடு எழுந்து வரும். அதனால் ஒன்றை நம்பாமல் இரண்டு மூன்று கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைப்போம். நல்ல கட்டையே கிடைக்காவிட்டால் ஒரு மரத்துண்டைக் குறுக்கே ஆழமாகப் புதைத்து அதில் கட்டுவோம். இழுப்பு நடக்கும்போது ஒருவர் தள்ளி நின்று கட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேர்ப்பக்கம் மண் வெடித்தால் உடனே நிறுத்தச் சைகை. இந்தக் காவலுக்குக் கூட்டத்திலேயே பொறுமையான ஆளைத்தான் நிறுத்துவேன்.

கம்பிவடம் என்றாலே நிலத்துக்கு நல்லது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவின் லூசியானாவில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, படகின் மேல் நீராவி விஞ்சை வைத்து சைப்ரஸ் மரங்களைச் சதுப்பு வழியே இழுத்தார்கள். அதுவும் கம்பிவடம்தான். ஆனால் மரங்கள் தரையோடு உரசிக்கொண்டு ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப வந்ததால் தடங்கள் வாய்க்கால்களாகிவிட்டன. ஒரு மையத்திலிருந்து நாலாபக்கமும் விரியும் அந்தக் கோடுகள் இன்றும் வான்படங்களில் தெரிகின்றன.

கனரக வண்டி பதிக்கும் பள்ளத்தைத் தவிர்க்கத்தான் வடம் கட்டுகிறோம். மரத்தின் முன்முனையாவது தரையிலிருந்து எழும்பவில்லை என்றால் கட்டியதே வீண். உயரம் போதாத இடத்தில் நான் கேட்பது இதுதான்: சுமையைக் குறையுங்கள், இடைவெளியைக் குறையுங்கள், தடத்தைச் சீக்கிரம் மாற்றுங்கள். செலவு கூடும், வேலை இழுக்கும். ஒப்பந்தம் பேசும்போதே அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிடுவேன்.