ட்ரூபடூர் கவிதைக்குப் படிக்கிறீர்களா? கதையைத் தள்ளிவைத்துப் பாட்டை எடுங்கள்

ஒப்பிலக்கியத்தில் இடைக்கால ஐரோப்பியக் கவிதையை எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெற்கு பிரான்சில் ஆக்சிதான் மொழியில் பாடிய ட்ரூபடூர் கவிஞர்களை நான் ஆசையோடு படித்தேன். தேர்வில் அவர்களிடம் அதிகம் கேட்கப்படுவது பிரிவும் ஏக்கமும்தான்.

ஜாஃப்ரே ரூடெலில் தொடங்குங்கள். 12ஆம் நூற்றாண்டுக்காரர், ப்ளே ஊரின் பிரபு. இன்றைய லெபனானில் இருக்கும் திரிப்போலியின் சீமாட்டியைப் பற்றி யாத்திரிகர்கள் சொல்லக் கேட்டு, முகம் பார்க்காமலேயே காதல் கொண்டார், கடல் கடந்து போகும்போது நோயில் விழுந்து அவள் மடியில் உயிர்விட்டார் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை. ஆனால் அது 'வீதா' எனப்படும் குறு வாழ்க்கை வரலாற்றில் வருவது. அவர் காலத்துக்குப் பிறகு, 13ஆம் நூற்றாண்டில், அவருடைய பாடல்களை வைத்தே பின்னியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விடையின் பாதியை இந்தக் கதைக்குக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு வரி போதும்.

மிச்ச இடம் முழுவதும் அவருடைய மே மாதப் பாட்டுக்குத்தான். ஏழு அடி கொண்ட செய்யுள்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் 'லோன்', அதாவது 'தொலைவு', என்ற ஒரே சொல்லில் முடியும். பறவைப் பாட்டு, காதல், தங்குமிடம், நாடு எல்லாம் அந்தச் சொல்லில் போய் நிற்கின்றன. காதலன் எவ்வளவு முன்னேறினாலும் செய்யுள் அவனைத் திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து விடுகிறது. அவளை என்று பார்ப்பேனோ தெரியாது, நடுவில் எத்தனையோ பாதைகள் என்கிறான். யாத்திரிகனாகப் போனால் என் கோலும் போர்வையுமாவது அவள் கண்ணில் படுமே என்கிறான். இந்த இடத்தை மேற்கோள் காட்டாமல் விடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு ட்ரூபடூர், பெர்னார்ட் தெ வெந்ததோர்ன். அவருடைய பாட்டில் வரும் வானம்பாடி வெயிலை நோக்கிச் சிறகடித்து, இன்பத்தில் தன்னை மறந்து கீழே விழுகிறது. இங்கே கடல் குறுக்கே இல்லை. அவள் இரங்காததே தூரம். கடைசியில் எங்கே போகிறேன் என்று தெரியாமல் அவரே நாட்டைவிட்டுப் போகிறார். ரூடெலுக்குத் தொலைவிலிருந்து காதல் பிறக்கிறது, பெர்னார்டுக்குக் காதல் தொலைவில் கொண்டுபோய் விடுகிறது. என்னைக் கேட்டால் ஒப்பீட்டு விடைக்கு இதைவிட நல்ல அச்சு கிடையாது.

பெண் குரலாகத் தியா சீமாட்டி என்ற பெண் ட்ரூபடூரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் பாட்டில் காதலனின் செருக்கை நேருக்கு நேர் கேட்டு, பாட்டையே அவனிடம் தூது அனுப்புகிறாள். ஆண் கவிஞர்கள் காதலியின் பெயரை 'செனால்' எனப்படும் புனைபெயர்களில் மறைப்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

குறுந்தொகைப் பாலைப் பாடல்கள் உங்கள் மனதில் வந்து மோதும். எனக்கும் மோதின. கேள்வி கேட்டால் மட்டும் உள்ளே விடுங்கள்.

ட்ரூபடூர் பாடல்கள் சுமார் 2,500 எஞ்சியிருந்தாலும், பத்தில் ஒன்றுக்குத்தான் மெட்டு கிடைத்திருக்கிறது. நான் சொன்ன மூன்று பாட்டுக்கும் மெட்டு உண்டு, பதிவுகளும் இருக்கின்றன. பாட்டின் வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ரூடெலின் இயைபு எந்த அடியில் விழுகிறது என்பது காதில் ஏறிவிடும், தேர்வறையில் தடுமாற வேண்டியிருக்காது.