கழற்றிய பிளேட்டின் பின்பக்கம்

ஆபரேஷனில் குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கும் வாய்தான் ஸ்டோமா. அதில் வரும் மலத்தைப் பிடிக்கும் பை, நடுவில் ஓட்டையுள்ள ஒட்டும் பிளேட்டால் தோலில் நிற்கும். அந்தப் பை கசிகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அவர்கள் கழற்றிய பழைய பிளேட்டைத்தான். அநேகமாக அது குப்பைக்குப் போயிருக்கும். அடுத்த முறை ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். கசிவு எந்த இடத்தில், எதனால் தொடங்கியது என்பதை அதன் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளேட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெளுத்து ஊறியிருந்தால் இயல்பு. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிக் கரைந்திருந்தால் மாற்றத் தாமதம் ஆகிவிட்டது. ஊறல் ஒரே பக்கமாக வாய்க்கால் வெட்டினாற்போல ஓடியிருந்தால், அந்தத் திசையில் வயிற்றில் ஒரு மடிப்போ பள்ளமோ இருக்கிறது. சுற்றிலும் ஒரே சீராக மலம் புகுந்திருந்தால் ஓட்டை பெரிது. நடுவில் நன்றாக இருந்து வெளி ஓரம் மட்டும் உரிந்திருந்தால், வியர்வை, எண்ணெய், பவுடர் மூன்றில் ஒன்றுதான் காரணம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி வகை. மற்ற மாதங்களில் 4 நாள் தாங்கும் பிளேட், சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் 2 நாளில் தளர்ந்துவிடலாம். கோடையில் மாற்றும் நாளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் டப்பாவைத் தகரக் கூரைக்கடியிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்தால் ஒட்டும் பகுதி இளகிப்போகும். தோல் சிவந்ததும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் எண்ணெய் பட்ட தோலில் எந்தப் பிளேட்டும் நிற்காது. முகப்பவுடரும் அப்படியே. டெட்டால் தோலைப் புண்ணாக்கும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும்.

அடுத்தது ஓட்டையின் அளவு. ஆபரேஷனுக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். டிஸ்சார்ஜ் அன்று வெட்டிக்கொடுத்த அளவையே மூன்று மாதம் கழித்தும் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அந்த 8 வாரமும் வாரம் ஒரு முறை நீளம், அகலம் இரண்டையும் அளந்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். அதற்கு மேல் இடைவெளி விட்டால் மலம் நேரே தோலில் படும். இலியாஸ்டமி (சிறுகுடலை வெளியே கொண்டுவந்த ஸ்டோமா) என்றால் சிறுகுடலின் செரிமான நீரும் கூடவே வருவதால் சில மணி நேரத்திலேயே தோல் வெந்துபோகும். இடைவெளியே இல்லாமல் இறுக்கி வெட்டினால் பிளேட்டின் ஓரம் ஸ்டோமாவை அறுக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அளவு வெட்டி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோமா சரியான வட்டமாக இல்லாவிட்டால் ஒரு விஷயம் முக்கியம்: பிளேட்டின் பின்பக்கத்தில் வரைவதால் அட்டையைக் கவிழ்த்து வைத்துத்தான் வரைய வேண்டும். இல்லையென்றால் இடது வலதாகிவிடும்.

மாற்றக் காலையில் காபிக்கு முன்னால் உள்ள நேரமே நல்லது, குடல் அடங்கியிருக்கும். வயிற்றுத் தையலில் இன்னும் கட்டு இருந்தால் முதலில் அந்தப் புண்ணுக்குக் கட்டுப்போட்டு மூடிவிட்டுப் பிறகு பைக்கு வாருங்கள். பிளேட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கையால் மேலோரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஈரத்துணியால் தோலைக் கீழே அழுத்தி அழுத்தி விடுவியுங்கள். துடைக்கும்போது ஸ்டோமாவில் ஓரிரு சொட்டு ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். அதில் வலி உணரும் நரம்பு இல்லை, ரத்தக்குழாய்கள் நிறைய. துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியால் தோலை ஒற்றி எடுத்து, இரண்டு நிமிடம் ஃபேன் காற்றில் விடுங்கள். ஈரம் இருந்தால் ஒட்டாது. முடி இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். ரேசர் போட்டால் முடிக்கால்களில் கொப்புளம் வரும்.

ஒட்டும்போது குனிந்து உட்காராமல் சாய்ந்துகொண்டு காலை நீட்டுங்கள், வயிறு மடிப்பில்லாமல் விரியும். பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி ஒட்டி, உள்வட்டத்திலிருந்து வெளியே விரலால் அழுத்தி, கையை அப்படியே 2, 3 நிமிடம் வைத்திருங்கள். நம் ஊரில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம், குத்துக்காலிட்டு வேலை செய்கிறோம், நடவில் குனிகிறோம். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே ஒரு முறை தரையில் உட்கார்ந்து மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை ஸ்டோமா பேஸ்ட் வைத்து நிரப்புங்கள். பேஸ்ட் பசை இல்லை, பள்ளம் நிரப்பும் பூச்சு. சுற்றிலும் அப்பினால் பிடிப்பு குறையும். ஆல்கஹால் கலந்த பேஸ்ட் புண்ணான தோலில் எரியும்.

தோல் ஏற்கெனவே நீர் கசியும் அளவுக்குப் புண்ணாகியிருந்தால் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் இல்லாத தடுப்புப் படலத்தால் (தோலில் பட்டதும் மெல்லிய ஏடாகக் காயும் திரவம்) ஒற்றி உலரவிடுங்கள். இதையே இரண்டு மூன்று அடுக்கு செய்தால் மேலே காய்ந்த பொருக்கு ஒன்று உண்டாகும், பிளேட் அதன்மேல் ஒட்டும். 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் இந்த வேலைக்குப் பயன்படுத்திய கராயா பிசின் நம் இந்தியக் காட்டு மரத்தில் வடிவது. சிவப்பைச் சுற்றித் தனித்தனிப் புள்ளிகளும் அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை என்றால் இதை இப்போதே கேட்டு வாங்குங்கள்: ஸ்டோமா வரும் இடத்தை முன்னாலேயே வயிற்றில் குறிக்க வேண்டும். படுத்து, உட்கார்ந்து, நின்று, குனிந்து நான்கு நிலையிலும் பார்க்க வேண்டும். வேட்டி கட்டும் இடம், பாவாடை நாடா இறுகும் கோடு, தொப்புள், பழைய தழும்பு இவற்றைத் தவிர்க்க வேண்டும். வழக்கமாகக் கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தவறான இடத்தில் வந்த ஸ்டோமாவை எந்தப் பேஸ்டாலும் முழுதாகச் சரிக்கட்ட முடிவதில்லை.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், கனம் ஏறினால் பிளேட்டை இழுக்கும். காற்று போக ஊசியால் குத்தாதீர்கள், நாற்றம் நிற்காது.

இலியாஸ்டமி உள்ளவர்களுக்குத் தண்ணீர் விஷயம் தனி. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் உடம்பில் உப்பும் சேர்ந்து வற்றும். வெறும் தண்ணீரையும் இளநீரையும் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் சோடியம் ஈடாகாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கிடைக்காத இடத்தில் 1 லிட்டருக்கு 6 தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. முதல் இரண்டு மாதம் வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில் வேண்டாம், குடலை அடைக்கும். சோறு குழைவாக, மென்று.

அதே 8 வாரம் குடம் தூக்காதீர்கள், ஸ்டோமாவுக்குப் பக்கத்தில் குடலிறக்கம் வரலாம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோமா கறுத்தாலோ கருநீலமானாலோ, இலியாஸ்டமியில் 4 முதல் 6 மணி நேரம் ஒன்றும் வராமல் வயிற்றுப் பிடிப்பும் வாந்தியும் இருந்தாலோ, ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அளவு வெட்டிய பிளேட் ஒன்றும் பை ஒன்றும் கையோடு எடுத்துப் போங்கள். ராத்திரி வார்டில் உங்கள் அளவு இருக்கும் என்று நம்ப முடியாது.