மலை முதலில், கடல் பிறகு

ஈப்போவுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பள்ளி மாடிப்படியில் இறங்கும்போது வலது முழங்கால் இன்னும் லேசாக வலிக்கிறது. நானும் தம்பியும் போர்னியோ தீவிலுள்ள சபா மாநிலத்துக்குப் போய் கினபாலு மலை ஏறிவிட்டு, அங்கிருந்தே செம்போர்ணா கடலுக்குள்ளும் காற்றுச் சிலிண்டரோடு இறங்கிவிட்டு வந்தோம். இதே மாதிரி திட்டம் போடுகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மலையை முதலில் ஏறுங்கள். கடல் அப்புறம்.

நான் போட்ட முதல் அட்டவணை தலைகீழாகத்தான் இருந்தது. கோத்தா கினபாலுவில் இறங்கியதும் எதிரே தெரியும் மாமுத்திக் தீவில் காலையில் இரண்டு டைவ், மாலையில் வேன் பிடித்து மலையடிவாரம், மறுநாள் ஏற்றம். தம்பி பார்த்ததும், "அக்கா, இது ஆபத்து" என்றான்.

பத்து மீட்டர் ஆழத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போய்விட்டால், மூடி திறந்த சோடாவில் வருவதுபோல உடம்புக்குள் குமிழி கட்டும். பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமாவது அதிகம் போனால் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். கினபாலுவில் இரவு தங்கும் லாபான் ராத்தாவோ 3,272 மீட்டரில் இருக்கிறது. மலைப் பூங்காவின் வாசலே 1,500 மீட்டருக்கு மேல். விமானம் ஏறக்கூடாது என்று தெரிந்தவர்கள்கூட வேனில் ஏறி மலைக்குப் போவதை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. அட்டவணையைத் திருப்பிப் போட்டோம்.

நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் கிளேடாங் மலை ஏறிப் பழகியிருந்தேன். அது உதவியது. ஆனால் கிளேடாங் 800 மீட்டர் சொச்சம்தான், அங்கே காற்று குறையாது.

தீம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில். அங்கிருந்து சிகரம் வரை 8.7 கிலோமீட்டர். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. எங்களோடு வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய, சபாவின் பழங்குடியான டூசூன் இனத்தவர். நான் ஆசிரியை என்று தெரிந்ததும், மலாய்க்காரப் பெற்றோர் ஆசிரியரைக் கூப்பிடுவது போலவே, "சிக்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "பெலான்-பெலான், சிக்கு" என்பார். மெதுவாக, மெதுவாக. பேச முடிகிற வேகத்தில் நட, பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்பதுதான் அவர் சொன்ன ஒரே விதி.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மழைக்காடு. பாசி படிந்த மரங்கள், முடிவில்லாத மரப்படிகள். லாயாங்-லாயாங் குடிலைத் தாண்டியதும் மண்ணே நிறம் மாறுகிறது. மஞ்சள் மண், குட்டையான வளைந்த மரங்கள், பாதை ஓரத்தில் குடுவைச் செடி. என் உள்ளங்கையைவிடப் பெரிய குடுவை, வாயைச் சுற்றிப் பல் பல்லாக விளிம்பு. உள்ளே பூச்சிகள் மிதக்கும் தண்ணீர். பாடப்புத்தகத்தில் எத்தனையோ தடவை காட்டிய செடிதான். நேரில் அதன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். தம்பி முன்னே போய்விட்டான்.

சுமைக்காரர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். எரிவாயு உருளை, அரிசி மூட்டை, முட்டைத் தட்டு, எல்லாம் மனித முதுகில்தான் போகிறது. ஒரு பெண், என்னைவிட மூத்தவர், நெற்றிப் பட்டையில் சுமையைத் தாங்கிக்கொண்டு ரப்பர் காலணியில் ஏறினார். என் பாட்டி ரப்பர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மேட்டில் நடந்த நடை அப்படியே. மேலே சாப்பிட்ட சூடான சோறு யார் முதுகில் வந்தது என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். 3,668 மீட்டரில் உள்ள சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியை ஐந்து மணிக்குள் தாண்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் மரம் கிடையாது, மண் கிடையாது. வெறும் கருங்கல் சரிவும், அதன் மேல் கிடக்கும் வெள்ளைக் கயிறும். இருட்டில் அந்தக் கயிறும் முன்னே போகிறவரின் நெற்றி விளக்கும்தான் வழி. பத்து அடி நடப்பேன், நின்று ஐந்து மூச்சு விடுவேன். மறுபடி பத்து அடி.

விடியும் நேரத்தில் வழிகாட்டி ஒரு பக்கம் கை காட்டினார். கழுதைக் காதுகள் என்று பெயர் பெற்ற இரட்டைப் பாறை. அதில் ஒரு காதின் நுனி இல்லை. 2015 ஜூன் 5 காலையில் வந்த நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்தது. அன்று இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், அவர்களோடு வந்த ஆசிரியர்கள், இந்த மலையின் வழிகாட்டிகள், வேறு சில மலையேறிகள். பாதை சிதைந்து கிடந்த அந்த நாளில் காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து இறக்கியவர்களும் வழிகாட்டிகள்தான். எங்கள் வழிகாட்டி அதைப் பற்றி நீளமாக எதுவும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போகிற வேலை எனக்கும் உண்டு. அந்த இடத்தில் எனக்குக் கால் நகரவில்லை.

டூசூன் மக்களுக்கு இது இறந்தவர்களின் ஆவிகள் தங்கும் இடம். அக்கி நபாலு என்கிறார்கள். மலையில் கத்தாதீர்கள், எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று அவர் கீழேயே சொல்லியிருந்தார்.

4,095 மீட்டர். லோ சிகரத்தின் பெயர்ப்பலகையைத் தொட்டபோது மணி 6:05. நம் நூறு வெள்ளி (ரிங்கிட்) தாளின் பின்பக்கத்தில் இத்தனை வருஷமாகப் பார்த்த மலை காலுக்குக் கீழே. கை விறைத்திருந்தது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியை இறுக்கிப் பையில் போட்டேன். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, அவ்வளவு காற்று.

இறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், முழங்கால் பட்டை இல்லாமல் போகாதீர்கள்.

என் தவறு அதற்குப் பிறகு. மறுநாளே தாவாவுக்கு விமானம், அங்கிருந்து செம்போர்ணா, படகில் மாபுல் தீவு, அதற்கு மறுநாள் சிப்பாடான் என்று இடைவெளியே இல்லாமல் போட்டிருந்தேன். சிகரத்துக் குளிரில் மூக்கடைத்துச் சளி பிடித்துவிட்டது. சிப்பாடானில் டைவ் செய்ய நாளுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. பெயர், தேதி குறித்த அனுமதிச் சீட்டு. மாதக்கணக்கில் முன்பே வாங்கியது. எப்படியாவது போய்விட வேண்டும் என்று மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு தயாராக நின்றேன்.

டைவ் மாஸ்டர் இளம்பெண், இந்தக் கடலோர இனமான பஜாவ்காரர். என் குரலைக் கேட்டதுமே மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றைத் தள்ளச் சொன்னார். இடது காது திறக்கவே இல்லை. "மாத்திரை கீழே இருக்கும்போது வேலை செய்வதை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். உள்ளே அடைபட்ட காற்று மேலே வரும்போது விரியும், வெளியேற வழி இருக்காது. காதுச் சவ்வு கிழியலாம். முதல் பத்து மீட்டரில்தான் காற்றின் கன அளவு மிக அதிகமாக மாறும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். வாதாடவில்லை. தம்பியும் போகமாட்டேன் என்றான். நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன்.

அந்தப் படகு போனதும் அழுதேன்.

சாயங்காலம் வந்து சொன்னான். கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் தனியாக எழுந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சில அடி நீந்தினாலே தரை காணாமல் போய்ச் செங்குத்துச் சுவர். ஆமைகளை எண்ணுவதையே விட்டுவிட்டானாம். பரக்குடா மீன்கள் ஆயிரக்கணக்கில் சுழல்காற்று போல வட்டமிட்டன, நடுவில் இவன். சிப்பாடான் மலேசியாவுக்கா இந்தோனேசியாவுக்கா என்ற வழக்கு 2002இல் ஹேக் அனைத்துலக நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. பிறகு தீவிலிருந்த தங்கும் விடுதிகளையும் அகற்றிவிட்டார்கள். இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் யாரும் இரவு தங்க முடியாது. நல்ல காரியம்.

நான் அந்தப் பகல் முழுக்க மாபுலில் நடந்தேன். ஒரு பக்கம் விடுதிகள், இன்னொரு பக்கம் கிராமத்து வீடுகள், தண்ணீரில் பஜாவ் லாவுட் குடும்பங்களின் படகுகள். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு எந்த நாட்டுப் பத்திரமும் கிடையாது, அதனால் அரசுப் பள்ளியில் இடமும் கிடையாது. இதே கடலில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள். என் பாட்டி இந்த மண்ணில் அறுபது வருஷம் ரப்பர் பால் வெட்டி, கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். பத்திரம் இல்லாததன் வலி நம் வீடுகளுக்குத் தெரியும். ஒரு பையனுக்கு மணலில் ஒன்று முதல் இருபது வரை எழுதிக் காட்டினேன். பதினைந்து வரை திருப்பி எழுதினான். அலை வந்து அழித்தது, மறுபடி எழுதினான். இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் கனத்தது அந்த அரை மணி நேரம்தான்.

இரண்டு நாள் கழித்துக் காது திறந்தது. அதே டைவ் மாஸ்டர் என்னைப் படகுத்துறைக்கு அடியில் கூட்டிப்போனார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் இறக்கம், காதைச் சரிசெய்வது, மறுபடி ஒரு மீட்டர். பன்னிரண்டு மீட்டரில் தரை. சாம்பல் மணல், தூண்களைச் சுற்றி மீன் கூட்டம். பாசி உருண்டை என்று நினைத்த ஒன்றைச் சுட்டினார். உற்றுப் பார்த்தால் கண், அப்புறம் வாய். தவளைமீன். கொஞ்சம் தள்ளி ஒரு கணவாய் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்தது, உடம்பில் வரி வரியாக நிறம் ஓடியது. 54 நிமிடம் கீழே இருந்தேன். மலையில் பழகிய மூச்சு இங்கேயும் கைகொடுத்தது, சிலிண்டரில் காற்று மிச்சமாகவே இருந்தது.

இனி ஒருமுறை போனால் மலைக்கும் கடலுக்கும் நடுவில் முழுதாக மூன்று நாள் விடுவேன். சிப்பாடானைக் கடைசி நாளுக்கு முந்தைய நாளில் வைப்பேன், அதன் பிறகு விமானத்துக்கு 24 மணி நேரம்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோது சிகரத்தில் மூடிய அந்தக் காலி பாட்டில் கிடந்தது. விலா ஒட்டிச் சப்பிப் போயிருந்தது. மேலே இருந்த காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடு அளவுதான், ஈப்போ காற்று வெளியிலிருந்து அதை அமுக்கிவிட்டது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மேசை மேல் வைத்தேன். பிள்ளைகள் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மூடியைத் திறந்தால் மலைக்காற்று வெளியே போய்விடுமா டீச்சர் என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை, நம்ம ஊர்க் காற்று உள்ளே புகுந்துவிடும் என்றேன். "அப்படீன்னா திறக்காதீங்க டீச்சர்" என்றாள். அலமாரி மேல் அப்படியே வைத்திருக்கிறேன்.