பனியின் மேல் போட்ட பழி

ஹட்டனுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டப் பகுதியில் வைஃபை அறுந்துபோவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான். "பனி எறங்கிருச்சுண்ணே, இனி லைன் நிக்காது" என்பார் பக்கத்து வீட்டுத் தம்பி. கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்துவரும் நானும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதை நம்பி, மூடுபனி நாட்களில் இணையவழிக் கூட்டங்களைத் தள்ளிவைக்கும்படி மேலாளரிடம் கெஞ்சியிருக்கிறேன். கண்டது பொய்யல்ல. எதிர்மலை மறையும் நாளில் என் மடிக்கணினியின் இணைப்பு அறுந்தது, வெயில் நாளில் அறவில்லை. பனிதான் காரணம் என்று எண்ணியதே பிழை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகளில் நிற்கும் டிஷ் அன்டெனாக்கள் ஏறத்தாழ 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைகளைச் செயற்கைக்கோளிலிருந்து பெறுகின்றன. அந்த அலைகளைக் கனமழை உண்மையாகவே விழுங்கிவிடுவதால், மழை வலுத்ததும் தொலைக்காட்சிப் படம் உறைந்துபோவதைப் பிள்ளைகளும் அறிவார்கள். வீட்டு வைஃபையோ 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸில், நாலைந்து மீட்டர் தூரத்துக்குள், கூரைக்குக் கீழே நடக்கும் காரியம். அந்தத் தூரத்தில் பனித்துளிகளால் அதற்கு எந்தக் கேடும் இல்லை. அதன் உண்மையான எதிரி வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கற்சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் 5 கிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் மங்கிவிடும், 2.4 ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் சுவர் வெயில் நாளிலும் அங்கேதானே நிற்கிறது?

ரவுட்டரை இடம் மாற்றினேன். ரவுட்டர் ஒலிபரப்பும் அலைவரிசையான சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்த்தேன். கணினியின் வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன். இரண்டு வார இறுதிகள் வீணானதுதான் மிச்சம். கடைசியில், கணினியில் இணைப்பு அறுந்திருந்த அதே நிமிடத்தில் அதே வைஃபையில் என் கைபேசிக்கு வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தபோதுதான், ரவுட்டரையும் வானத்தையும் விட்டுவிட்டு மடிக்கணினியைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

விண்டோஸ் தானாகவே இரண்டு நாட்குறிப்புகளை எழுதிவருகிறது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து நெட்ஷ் (netsh) கட்டளையின் வழியாக டபிள்யூலேன் (wlan) எனப்படும் வைஃபை அறிக்கையைக் கேட்டால், கடந்த மூன்று நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்பதை நேரத்தோடு தரும். பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையின் பேட்டரி அறிக்கை, கணினி எந்நேரம் மின்னேற்றியில் இருந்தது, எந்நேரம் பேட்டரியில் ஓடியது என்பதைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இணைப்பு அறுந்த நேரங்கள் அத்தனையும் பேட்டரியில் ஓடிய நேரங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தன.

அதன்பின் எல்லாம் விளங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் பனி இறங்கினால் பின்னாலேயே இடி வரும். "ப்ளக்கக் கழட்டு" என்று அம்மா சொல்லி வளர்ந்த கை, முதல் முழக்கத்துக்கே மின்னேற்றியைப் பிடுங்கிவிடும். நான் பிடுங்காவிட்டாலும், எங்கேயாவது கம்பியில் மரம் சாய்ந்து கரண்ட் போய்விடும். ரவுட்டர் மட்டும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில் வாங்கிய பெட்டி அது. ஆக, பனி வந்த நாளெல்லாம் என் கணினி பேட்டரிக்கு மாறிய நாள்.

பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ், கணினிக்குள் வைஃபை அலைகளைப் பிடிக்கும் அட்டையை மின்சிக்கனத்தில் வைக்கிறது. ரவுட்டர் பொதுவாக நொடிக்குப் பத்துத் தடவை அளவில் ஓர் அறிவிப்புச் சைகையை வெளியிடும். சிக்கனத்தில் இருக்கும் அட்டை இடையிடையே உறங்கி, அந்த அறிவிப்பைக் கேட்க மட்டும் விழிக்கும். அது உறங்கும் வேளையில் அதற்கு வந்த தரவுகளை ரவுட்டர் பத்திரமாக வைத்திருந்து, விழித்ததும் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை எல்லா ரவுட்டர்களும் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. பின்பற்றாத ரவுட்டரோடு சேரும்போது வேகம் விழும், இணைப்பும் அறும். மின்னேற்றியைச் செருகியதும் சிக்கனம் விலகி எல்லாம் சரியாகிவிடுவதால், பழுது கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது.

மாற்ற வேண்டியது ஒரே ஓர் அமைப்பு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, மேம்பட்ட அமைப்புகளில் வயர்லெஸ் அடாப்டர் என்ற தலைப்பின் கீழ், பேட்டரியில் ஓடும்போதும் உச்சச் செயல்திறன் என்று வைத்தேன். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளுக்குள், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்றிருந்த குறியையும் எடுத்துவிட்டேன். இதனால் பேட்டரி சற்று விரைவாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது.

அதே பேட்டரி அறிக்கை இன்னொரு செய்தியும் சொன்னது. வடிவமைப்புக் கொள்ளளவு ஏறத்தாழ 50,000 மில்லிவாட் மணி, இப்போது முழுதாக ஏற்றினாலும் நிற்பது 27,000 அளவுதான். ஐந்து ஆண்டுகள் நூறு வீதத்திலேயே செருகி வைத்திருந்ததற்கும், குளிருக்குக் கம்பளியின் மேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்ததற்கும் கிடைத்த கூலி. லித்தியம் அயன் பேட்டரியை முழு ஏற்றமும் வெப்பமும் சேர்ந்தே முதுமையாக்கும். குளிரில் அதன் உள்தடை கூடுவதால், தேய்ந்த பேட்டரி மார்கழி விடியற்காலையில் 15 வீதம் காட்டிக்கொண்டே திடீரென அணைந்ததும் உண்டு. லெனோவோ, டெல், எச்பி போன்றவற்றின் அலுவலக மடிக்கணினிகளில் ஏற்றத்தை 80 வீதத்துக்கு அருகில் நிறுத்தும் வசதி உண்டு. கண்டியில் புதிய பேட்டரி போட்ட நாளிலிருந்து அதைப் பயன்படுத்துகிறேன். மின்வெட்டு அறிவித்த நாளில் மட்டும், முந்தைய இரவே நூறு வரை ஏற்றிக்கொள்வேன். டச்பேட் மேலெழும்பினாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அப்போது அழுத்திப் பார்க்காமல் உடனே பாவனையை நிறுத்த வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் புதிய மடிக்கணினியில் மேற்சொன்ன வயர்லெஸ் தலைப்பு தென்படவே இல்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற உறக்கமுறையில் ஓடும் கணினிகளில் விண்டோஸ் அதை மறைத்துவிடுகிறது. அவருடையது இன்டெல் அட்டை என்பதால், டிவைஸ் மேனேஜரின் மேம்பட்ட பட்டியலில் மிமோ பவர் சேவ் (பல அன்டெனாக்களின் பாவனையில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு) என்றிருந்ததைச் சிக்கனமற்ற நிலைக்கு மாற்றி வைத்தோம். அது போதுமா என்று தெரிய, அடுத்த பனி இறங்கட்டும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் முழுக்க வெயில்.