அணி முழுக்க ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட சீசன்

நான் ஒரு தொழில்முறை வாலிபால் அணியின் பிசியோ. முக்கியமான போட்டிக்கு முன்னால் வீரர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும், கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே போட்டி என்றைக்கு என்றும் கேட்பேன். ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் ஞாபகம் வந்து போடுகிற ஊசி அந்தப் போட்டிக்கு உதவாது. நெருக்கமான அட்டவணைக்குள் அந்த இரண்டு வாரத்துக்கு எப்படி இடம் பிடித்தோம், தயங்கியவர்களிடம் என்ன பேசினோம், ஊசி போட்ட மறுநாள் பயிற்சியை எப்படி நடத்தினோம் என்று எழுதுகிறேன். வேறு அணிகளில் இதே பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

இதற்கு முந்தைய சீசனில், நாக்-அவுட் சுற்று நெருங்கும்போது எங்கள் அணிக்குள் ஃப்ளூ புகுந்தது. முதலில் படுத்தவர் செட்டர், அதாவது ஸ்மாஷ் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். காலைப் பயிற்சியில் நன்றாக ஆடியவருக்கு மாலையில் குளிர் நடுக்கம், இடுப்பு வலி, கண்ணைத் திறக்க முடியாத தலைவலி. அவரைத் தனி அறைக்கு மாற்றினோம். ஆனால் ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தொற்றியவருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சல் வரும். எங்களுக்கு அப்படியே நடந்தது. ஒரே பேருந்து, இரண்டு பேருக்கு ஓர் அறை, கைமாறும் தண்ணீர் பாட்டில், ஒவ்வொரு புள்ளிக்கும் கட்டிப்பிடித்துக்கொள்வது என்று ஓர் அணி வாழ்கிற விதமே கிருமிக்கு வசதியானது. 2002இல் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கின்போதும் ஃப்ளூ பரவி வீரர்களைப் பாதித்திருக்கிறது. உலகத்திலேயே அதிகக் கவனத்தோடு தயாராகிறவர்கள் கூடும் இடத்தில்கூட இது நடக்கும்.

அந்த வாரம் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏதாவது கொடுத்து ஆட வைக்க முடியாதா?" என் கையில் இருந்தது மிகக் குறைவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடுப்பூசியின் அருமை எனக்கு இங்கேதான் புரிந்தது.

சாதாரணமாக ஒருவர் காய்ச்சலில் துவண்டுபோனால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடலாம் என்று நினைப்போம். தொழில்முறை வீரருக்கு அது அவ்வளவு எளிதில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் விதிப்படி, 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதையும் ஏற்றக்கூடாது, வெறும் உப்பு நீராக இருந்தாலும் சரி. மருத்துவமனையில் முறையான சிகிச்சையாகக் கொடுத்தால் விலக்கு உண்டு. தெம்புக்காக ஓட்டல் அறையில் ஏற்றிக்கொண்டால் அது விதிமீறல்.

சளி மாத்திரையிலும் இதே ஆபத்து இருக்கிறது. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் சூடோஎஃபெட்ரின் உண்டு. போட்டியின்போது எடுக்கும் சிறுநீர் மாதிரியில் அது மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் வீரர் மாட்டிக்கொள்வார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆந்த்ரேயா ரதுக்கான் தனிநபர் ஆல்ரவுண்ட் தங்கத்தை இழந்தது இந்தப் பொருளால்தான். சளிக்கு அணியின் மருத்துவர் கொடுத்த மாத்திரை அது. அப்போது அவருக்கு வயது 16. மருந்துப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும்.

இவற்றையெல்லாம்விட நான் பயப்படுவது இதயத்தைப் பற்றி. ஃப்ளூ வைரஸ் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அரிதுதான். ஆனால் அந்த நிலையில் கடுமையாக ஆடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அழற்சி உறுதியானால் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை களத்தில் இறங்கக்கூடாது. அதனால் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும் வீரரைக் களத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஜோர்டன் ஃப்ளூவோட ஆடி ஜெயிச்சாரே" என்று ஒரு வீரர் கேட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 1997 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக மைக்கேல் ஜோர்டன் 38 புள்ளிகள் எடுத்தது உண்மை. ஆனால் அன்று அவருக்கு இருந்தது ஃப்ளூ இல்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்த உபாதை என்று அவர் தரப்பிலேயே பிற்பாடு சொன்னார்கள். இளம் வீரர்கள் அந்த ஆட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

அந்தப் போட்டியில் தோற்றோம். சீசன் முடிந்த கையோடு அணி மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன். அடுத்த முறை காய்ச்சல் வந்தபிறகு ஓடாமல், வருவதற்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் எந்த ஊசி, எந்த மாதம் என்ற கேள்வி. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் மாறும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும், எந்த வகை வைரஸ்களை ஊசியில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது. பெட்டியின் மேல் எந்த சீசனுக்கான மருந்து என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள், பழைய இருப்பு கையில் வந்துவிடும். மூக்கில் தெளிக்கும் மருந்தும் உண்டு, அதில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கும். எங்கள் மருத்துவர் உயிரற்ற வைரஸைக் கொண்ட ஊசியையே தேர்ந்தெடுத்தார்.

அப்புறம் தேதி. நாக்-அவுட் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். ரொம்ப முன்னாலேயும் போடக்கூடாது, மாதங்கள் போகப்போகப் பாதுகாப்பு குறையும். ஊர் ஊராகப் பயணம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு லீக் ஆட்டம் முடிந்து இரண்டு நாள் ஓய்வு வரும் இடம் ஒன்று கிடைத்தது. ஆட்டத்துக்கு மறுநாள் ஊசி, அதற்கு மறுநாள் ஓய்வு என்று குறித்தோம்.

கோச் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கிறவனுக்கு ஏன் ஊசி போட்டுக் காய்ச்சல் வரவைக்கணும்?" என்றார். நியாயமான கவலைதான். ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கை வலி வரும், சிலருக்கு லேசான காய்ச்சலோ உடம்பு வலியோ ஒன்றிரண்டு நாள் இருக்கும். உண்மையான ஃப்ளூ என்றால் ஒரு வாரம் படுக்கை, அதற்குமேல் பழைய வேகத்துக்கு வர எடுக்கும் நாட்கள். இரண்டையும் ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டுக் காட்டினேன். முந்தைய சீசன் அவருக்கும் மறக்கவில்லை. சரி என்றார்.

வீரர்களிடம் கூட்டமாகப் பேசியது ஒருமுறைதான். மற்றதெல்லாம் தனித்தனியாக. ஒவ்வொருவரின் தயக்கமும் வேறு. ஸ்மாஷ் அடிக்கும் வீரருக்குத் தன் தோளைப் பற்றிய கவலை. ஊசி தோள்பட்டைத் தசையில்தான் போடுவார்கள், அதனால் அடிக்காத கையில் போடச் சொல்லிவிடலாம் என்றதும் நிம்மதியானார். இன்னொருவர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் ஏதாவது காட்டுமா என்று கேட்டார். ஃப்ளூ தடுப்பூசி வாடாவின் தடைப்பட்டியலில் இல்லை. முட்டை சாப்பிட்டால் உடம்பு தடிக்கும் ஒரு வீரர் தனக்கு ஆகாது என்றே நினைத்திருந்தார். முட்டை ஒவ்வாமை மட்டும் இருந்தால் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை என்று மருத்துவர் விளக்கினார். முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, நரம்புகளைத் தாக்கித் தசையைப் பலவீனமாக்கும் குய்லான்-பாரே நோய் வந்திருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் எழுதி வைத்தோம்.

ஒரு மூத்த வீரர் மட்டும் கடைசிவரை வேண்டாம் என்றார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வற்புறுத்தவில்லை. யார் களத்தில் இறங்குவது என்று முடிவு செய்கிறவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் எந்த வீரருக்கும் "வேண்டாம்" என்று சொல்லத் துணிவு வராது. அதனால் மருத்துவரிடம் பேசும்போதும் கையெழுத்து போடும்போதும் கோச்சோ நிர்வாகத்தினரோ அந்த அறையில் இருக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கியிருந்தேன். இந்த ஒரு விஷயத்தில் எந்த அணியும் தளர்ந்து கொடுக்கக்கூடாது. அந்த அண்ணனுக்குத் தனி அறை ஒதுக்கினோம். அவரை யாரும் குறையாகப் பேசவில்லை.

ஊசி போடும் நாள் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் முடிந்தது. மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. குளிர்பெட்டியில் வெப்பமானி வைத்துக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். கையை இறுக்காமல் தொங்கவிட்டு உட்கார வைத்து, போட்டபிறகு ஒவ்வொருவரையும் 15 நிமிடம் அங்கேயே இருக்கச் சொன்னோம். ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒரு வீரருக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். அவரைப் படுக்கவைத்துப் போட்டோம். அன்று காலை உடம்பு சூடாக இருந்த ஒருவருக்கு மட்டும் தள்ளிவைத்தோம்.

வீரர்களோடு நிறுத்தவில்லை. கோச், மசாஜ் செய்பவர், புள்ளிவிவரம் எடுப்பவர், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க ஒவ்வொரு வீரரையும் தொட்டு வேலை செய்கிறவன் நான். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பவர்கள் குடும்பத்துக்கும் போட்டுக்கொள்ளும்படி சொன்னோம். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து அணிக்கும் வருகிற பாதையை அடைக்க அதுதான் வழி.

ஓய்வு முடிந்து வந்த முதல் பயிற்சியில் சர்வீஸும் ஸ்மாஷும் பாதியாகக் குறைத்தோம். கால் வேலை, தடுப்பு நகர்வுகள், வீடியோ அலசல் என்று வைத்துக்கொண்டோம். பலருக்குக் கை வலி மட்டும். சிலருக்கு ஓர் இரவு லேசான காய்ச்சல் வந்தது, பாராசிட்டமாலில் அடங்கியது. அதற்கு அடுத்த பயிற்சியிலிருந்து வழக்கம்போல நடந்தது. கடும் பயிற்சியில் இருக்கும் உடம்பு ஊசியை ஏற்குமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஜெர்மனியின் சார்லாண்ட் பகுதி ஆய்வாளர்கள் முன்னணி வீரர்களிடம் செய்த ஆய்வில், ஃப்ளூ ஊசிக்கு அவர்கள் உடம்பு மற்றவர்களைவிட நன்றாகவே எதிர்வினை காட்டியதாக மருத்துவர் எடுத்துச் சொன்னார்.

ஊசி போட்டால் ஃப்ளூவே வராது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சுற்றிலும் பரவும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில்கூட, மருத்துவரிடம் போகுமளவு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். பின்வரிசையில் தற்காப்புக்கென்றே ஆடும் எங்கள் லிபரோவுக்கு நாக்-அவுட்டுக்கு முன் ஃப்ளூ வந்தது, ஊசி போட்டும்தான். தொண்டை கரகரப்பு தொடங்கியதும் அவரே போன் செய்து சொன்னார். பரிசோதனையில் உறுதியானதும் தனி அறை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, ஓய்வு. அவர் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டார். வேறு யாருக்கும் பரவவில்லை. அது முழுக்க ஊசியால்தான் என்று சொல்ல மாட்டேன். பாட்டில்களில் பெயர் எழுதியது, கை கழுவியது, உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் சொல்லும் பழக்கம் வந்தது, எல்லாமே சேர்ந்துதான். ஆனால் அரையிறுதிக்கு முழு அணியோடு இறங்கினோம்.

இதைப் படிக்கும்போது உங்கள் பெரிய போட்டிக்கு ஒரு வாரம்தான் மீதி என்றால், மருத்துவரைக் கேட்டுவிட்டு இப்போதே போட்டுக்கொள்ளலாம். கை வலி அதற்குள் போய்விடும், முழுப் பாதுகாப்பு மட்டும் போட்டி முடிந்தபிறகுதான் வரும். இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் நான் வீரருக்குப் போடச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்தால் அது ஊசியாலா தொற்றாலா என்ற குழப்பம் அந்த நேரத்தில் தேவையில்லை. பயணத்தில் முகக்கவசம், தனித்தனி அறை, தனித்தனி பாட்டில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ காலம் இன்னும் மிச்சமிருந்தால், போட்டி முடிந்த மறுநாளுக்கே ஊசிக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.